காவிரிக்கு நீலம் போடுகிறவர்கள்

ஒகேனக்கல் படம் போட்ட எதைப் பார்த்தாலும் எடுத்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. மாதக் காலண்டர், லாட்ஜ்காரர்களின் மடிப்பு நோட்டீஸ், சுற்றுலா மலர், பள்ளிக்கூட ஆண்டு மலரின் பின்னட்டை என்று இருபத்தைந்து தேறும். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினால் முதலில் கண்ணில் படுவது ஒன்றுதான்: காவிரி நீலமாக இருக்கிறது. சிலதில் சோப்புத்தூள் விளம்பர நீலம். சிலதில் நட்சத்திர ஓட்டல் நீச்சல்குளம். பாறைகள் கத்தரிப்பூ ஊதாவில் இருக்கின்றன. பரிசல்காரர் மட்டும் எலுமிச்சம்பழம் மாதிரி ஜொலிக்கிறார்.

போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்டால், இங்கே வந்து விழுகிற தண்ணீர் செம்மண் கரைத்த நிறம். பால் தாராளமாக ஊற்றிய டீ. 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலைக் கடைசியிலும் விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டியபோது மெயின் அருவி, ஐந்தருவி, சினி அருவி என்ற பெயர்களுக்கெல்லாம் வேலையில்லாமல் போய், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பழுப்பு ஓடியது. கோடையில் வற்றினால் குட்டைகளில் பாசிப்பச்சை. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில், வானம் ஒத்துழைத்தால், கொஞ்ச நேரம் கொஞ்ச நீலம். மற்றபடி அந்த ஊரின் அடிப்படை நிறம் பெயரிலேயே இருக்கிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகைகிற கல். புகையை நீலமாக யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இதெல்லாம் ஒரு குற்றமா என்று கேட்கலாம். சிவகாசிக் காலண்டரில் கிருஷ்ணன் நீலமாக இருக்கிறானே, அவனை யாரும் கேட்கவில்லையே? வாஸ்தவம். கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் அச்சில் ஏறி வீடு வீடாகப் போனபோது, அந்த ரோஜா நிறக் கன்னங்களை யாரும் நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிட நிஜம் கைவசம் இல்லை. அது ஓவியம், கற்பனை. கடவுளுக்கு என்ன நிறம் என்பதை ஓவியர் தீர்மானிக்கலாம். ஆனால் போட்டோ என்று ஒன்றை அச்சடித்து, கீழே 'ஒகேனக்கல், தருமபுரி மாவட்டம்' என்று எழுதிவிட்டால் அது சாட்சி. சாட்சி கொஞ்சம் மேக்கப் போட்டுக்கொண்டு வரலாம். ஆள் மாறாட்டம் செய்யக்கூடாது.

யார் செய்கிறார்கள் என்று பார்த்தால் வில்லன் என்று ஒருவர் கிடைக்கமாட்டார். எல்லோரும் 'கொஞ்சம்' செய்கிறார்கள். கேமரா, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 'விவிட்' என்று ஒரு செட்டிங் வைத்திருக்கிறது. அதில் எடுத்ததை போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஏற்றுகிறார். அடுத்தது டிசைனர். அவர் பக்கத்து நாற்காலியில் பார்ட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன தம்பி, டல்லா இருக்கே?"

"அண்ணே, எடுத்ததே வெள்ளம் வந்தப்ப. தண்ணி அப்படித்தான் இருந்திருக்கு."

"அது இருக்கட்டும். கொஞ்சம் பளிச்சுனு பண்ணுப்பா. சாக்கடை மாதிரி இருக்குது, எவன் வருவான்?"

தம்பி பண்ணிவிடுகிறார். சாச்சுரேஷன் என்கிற குமிழை வலதுபக்கம் இழுத்தால் போதும். திரையில் காவிரி பளிச். பார்ட்டி திருப்தியோடு டீ சொல்கிறார்.

வேடிக்கை இதற்கப்புறம்தான். அந்தப் பளிச், அச்சில் வராது. வராது என்றால் பிரஸ்காரரின் சோம்பேறித்தனத்தால் அல்ல, பௌதிகத்தால் வராது. திரை என்பது விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சங்களைக் கலந்து கண்ணுக்குள் அனுப்புகிறது. காகிதம் தானாக ஒளிராது. அதன்மேல் பூசிய மை, விழுகிற வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சியான், மெஜந்தா, யெல்லோ, பிளாக் என்று நாலு மை. இந்த நாலையும் எப்படிக் கலந்தாலும் திரையின் மின்சார நீலமும் கிளிப்பச்சையும் வராது. திரைக்கு எட்டுகிற நிறங்களின் வட்டாரம் வேறு, மைக்கு எட்டுகிற வட்டாரம் வேறு. வெளியே நிற்கிற நிறங்களை மென்பொருள் எல்லைக்குள் இழுத்துப் போடும்போது அவை சவசவவென்று ஆகும், அல்லது வேறு நிறமாகவே ஆகும். திரையின் சுத்த நீலத்தை அப்படியே நாலு மைக்கு மாற்றினால் சியானும் மெஜந்தாவும் ஏறக்குறைய சம எடையில் விழுந்து, ஊதா. என் மேஜையில் உள்ள காவிரிகளில் நாலைந்து ஊதாவில் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

நான் சொல்லவருவது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். செம்மண் தண்ணீரின் பழுப்பு, பாறையின் சாம்பல், கேழ்வரகு, புளி, வெயிலில் காய்ந்த முதுகு என்று தருமபுரியின் நிஜ நிறங்கள் அத்தனையும் நாலு மையின் எல்லைக்கு உள்ளேயே இருக்கின்றன. அச்சு இயந்திரத்துக்கு சுலபமாக எட்டுகிற நிறங்கள். இருப்பதை அப்படியே அச்சடிக்க முடியும். அதை விட்டுவிட்டு, இல்லாத நீலத்தை, அச்சுக்கு எட்டாத நீலத்தைத் துரத்தி, அதுவும் கிடைக்காமல், "பிரஸ்ல கெடுத்துட்டான் சார்" என்று பழியை மெஷின்மேன் தலையில் போடுகிறோம்.

மெஷின்மேன் பக்கமும் கொஞ்சம் தவறு உண்டு. அதற்கு வருகிறேன்.

படத்தை அச்சுக்குத் தயார் செய்வது பெரிய மந்திரமல்ல, ஒழுங்கு. முதலில் திரை. டிசைனர் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, மானிட்டரின் வெளிச்சத்தை நூற்றுக்கு நூறு ஏற்றி வைத்திருந்தால், அவர் பார்க்கிற படம் காகிதத்தில் இருண்டுதான் வரும். மானிட்டரை அளந்து சரிசெய்ய சின்னக் கருவி இருக்கிறது. திரையில் ஒட்டவைத்தால் தானே பார்த்துக்கொள்ளும். லட்ச ரூபாய்க் கம்ப்யூட்டர் வாங்குகிற பிரஸ்கள்கூட இதை வாங்குவதில்லை.

அடுத்தது ப்ரொஃபைல். 1993-ல் ஆப்பிள், அடோபி, மைக்ரோசாஃப்ட், கோடக் உட்பட எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பை ஆரம்பித்தன. கிரிக்கெட் ஐ.சி.சி. இல்லை, இது நிறங்களுக்கான பஞ்சாயத்து. ஒவ்வொரு படக் கோப்பும், 'என்னிடமுள்ள இந்த எண்கள் நிஜத்தில் எந்த நிறம்' என்று சொல்லும் ஒரு அடையாளச் சீட்டைத் தன்னோடு வைத்திருக்கவேண்டும் என்பது இவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு. சீட்டு இல்லாத கோப்பு, விலாசம் இல்லாத கவர். பெரிய வட்டாரமுள்ள அடோபி ஆர்.ஜி.பி.யில் எடுத்த படத்தை, சீட்டைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் திறந்தால் மங்கலாகத் தெரியும். உடனே ஒருவர் குமிழை வலதுபக்கம் இழுப்பார். டல்லாக இருந்தது படமல்ல, அதைப் படித்த விதம் என்பது அவருக்குத் தெரியாது.

கடைசியாகத்தான் நாலு மைக்கு மாற்றவேண்டும். மாற்றுவதற்கு முன் பிரஸ்ஸுக்கு ஒரு போன் போட்டு என்ன பேப்பர், எந்த ப்ரொஃபைல் என்று கேட்பது உத்தமம். ஏன் என்றால் ஆர்ட் பேப்பர் வேறு, நியூஸ்பிரிண்ட் வேறு. மை காகிதத்தில் விழுந்ததும் புள்ளி பருக்கும். ப்ளேட்டில் ஐம்பது சதவிகிதமாக இருக்கிற புள்ளி, ஆர்ட் பேப்பரில் அறுபத்தைந்து வாக்கிலும், நியூஸ்பிரிண்டில் எழுபத்தைந்து வாக்கிலும் போய் நிற்கும். நாலு மையின் மொத்தக் கனம் ஆர்ட் பேப்பரில் முந்நூறு, முந்நூற்று முப்பது சதவிகிதம் வரை தாங்கும். செய்தித்தாளில் இருநூற்று நாற்பதுக்கு மேல் போனால் ஈரம் காயாமல் அடுத்த பக்கத்தில் ஒட்டும். ஆர்ட் பேப்பருக்குத் தயார் செய்த அதே கோப்பை தினசரி விளம்பரத்துக்கும் அனுப்பினால் பாறைகள் தார் ரோடு ஆகும், பரிசல்காரர் நிழல் ஆவார்.

பாறை என்றதும் ஒரு சங்கதி. சாம்பல் நிறம்தான் அச்சில் மகாக் கஷ்டம். மூன்று மையையும் சமமாகப் போட்டால் சாம்பல் வரவேண்டும். வராது, செம்பழுப்பு வரும். சியான் மை சுத்தமில்லாதது என்பதால் அதை எப்போதும் கூடுதலாகப் போடவேண்டும். சியான் ஐம்பது என்றால் மற்ற இரண்டும் நாற்பது என்பது பழைய கணக்கு. மெஷினில் ஒரு மை துளி கூடினாலும் முதலில் காட்டிக்கொடுப்பது சாம்பல்தான். அதனால் விவரமானவர்கள் பாறையின் கனத்தை மூன்று வண்ண மையிலிருந்து எடுத்துக் கறுப்பு மையிடம் கொடுத்துவிடுவார்கள். கறுப்பு கூடினாலும் குறைந்தாலும் பாறை பாறையாகவே இருக்கும், ஊதாவாகாது.

இப்போது மெஷின்மேன். சின்ன நோட்டீஸ்களைத் தனியாக ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று எட்டுப் பேர் வேலையை ஒரே ஷீட்டில் சேர்த்து ஓட்டுவார்கள். மையைக் கூட்டிக் குறைக்கும் சாவிகள் ஷீட்டின் அகலவாக்கில் வரிசையாக இருக்கின்றன. ஒரு சாவியைத் திருகினால் அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை எல்லாமே மாறும். உங்கள் அருவிக்குத் தலைமாட்டில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தால், அவர்கள் தங்கம் மின்னவேண்டும் என்பதற்காக ஏற்றிய மஞ்சளிலும் மெஜந்தாவிலும் உங்கள் காவிரியும் குளிக்கும். இதை யாரும் பார்ட்டியிடம் சொல்வதில்லை. நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் உடையும் என்பதையும் சொல்வதில்லை. சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் ஆயிரத்து அறுநூறு பிக்ஸல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒழுங்காக அச்சாக அங்குலத்துக்கு முந்நூறு வேண்டும். ஐந்தங்குலத்துக்கு மேல் தாங்காது. அதைப் பதினெட்டு அங்குலக் காலண்டருக்குப் போட்டுவிட்டு, உடைசல் தெரியாமலிருக்க ஷார்ப்பன் பண்ணி, அருவியை ஜவ்வரிசி ஆக்கியிருக்கிறார்கள்.

காகிதத்தின் வெள்ளையும் சும்மா வெள்ளை இல்லை. வேட்டிக்கு நீலம் போடுகிற மாதிரி, பளீரென்று தெரிவதற்காக அதிலும் ரசாயனம் சேர்க்கிறார்கள். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெளியில் எடுத்துவந்தால் ஒரு நிறம். ஆக, நீலம் போடுகிற பழக்கம் காகித ஆலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

தண்ணீரை விடுங்கள். அது கோபித்துக்கொள்ளாது. எனக்கு உறுத்துவது பரிசல்காரர்.

நாள் முழுக்க ஆற்று வெயிலில் துடுப்புப் போடுகிறவரின் தோள் நல்ல கறுப்பு. அதில் வியர்வையின் மினுமினுப்பு ஒன்று இருக்கும். போட்டோகிராபர்கள் ஆசைப்படுகிற வெளிச்சம். அச்சுக்குப் போகும்போது இந்தத் தோலில் இருக்கிற சியானை டிசைனர்கள் 'அழுக்கு' என்று கருதிக் குறைக்கிறார்கள். வெள்ளைத் தோலுக்கு எழுதிய பழைய பாடப்புத்தகக் கணக்கில் சியான், மெஜந்தாவில் கால்வாசி, மூன்றிலொரு பங்குதான். நம் தோலுக்கு அது பாதியையும் தாண்டும், கொஞ்சம் கறுப்பும் வேண்டும். மூக்குக்கு மேடும், கன்னத்துக்குப் பள்ளமும், தோளுக்குத் திரட்சியும் கொடுப்பது அந்தச் சியான்தான். அதை எடுத்துவிட்டால் முகம் சிவந்த பலூன்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. கோடக் கம்பெனி போட்டோ லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். முதல் மாடலின் பெயரை வைத்து 'ஷெர்லி கார்டு' என்பார்கள். கறுப்புக் குழந்தைகளின் முகம் படத்தில் பற்களும் கண்களும் மட்டுமாக வந்தபோது பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். கம்பெனி பெரிதாக அசைந்ததோ சாக்லேட் தயாரிப்பாளர்களும் மர சாமான்காரர்களும் 'எங்கள் பழுப்பு சரியாக விழவில்லை' என்று புகார் சொன்ன பிறகு. லோர்னா ராத் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 2009-ல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மனிதன் சொல்லிக் கேட்காதது, நாற்காலி சொல்லிக் கேட்டது.

அதே துறையில் நேர்மையான ஒரு சாமானும் உண்டு. 1976-ல் வந்த மெக்பெத் கலர்செக்கர் என்கிற அட்டை. இருபத்துநாலு கட்டங்கள். அதன் முதல் கட்டம் கறுத்த தோலின் நிறம். வெள்ளைத் தோல் இரண்டாவதுதான். படம் எடுக்குமுன் அதே வெளிச்சத்தில் இந்த அட்டையை வைத்து ஒரு க்ளிக் எடுத்துக்கொண்டால், பிறகு யார் என்ன குமிழை இழுத்தாலும் திரும்பிவர ஒரு வழி இருக்கும். சில ஆயிரம் ரூபாய்தான். லென்ஸ் துடைக்கத் தனித் துணி வைத்திருக்கிற நம் போட்டோகிராபர்களில் எத்தனை பேரின் பையில் இது இருக்கும்?

என் சேகரிப்பில் ஒன்றே ஒன்று தேறுகிறது. மேப்லித்தோ பேப்பரில் அடித்த சாதாரண மடிப்பு நோட்டீஸ். தண்ணீர் பழுப்பு. பாறை, நனைந்த இடத்தில் ஏறக்குறையக் கறுப்பு, காய்ந்த இடத்தில் சாம்பல். இரண்டுக்கும் நடுவில் விரிசல்கள் தெரிகின்றன. பரிசலின் தார் பூசிய அடிப்பக்கமும் பரிசல்காரரின் கையும் இரண்டு வேறு கறுப்பாக இருக்கின்றன. இந்த இரண்டு கறுப்பைப் பிரித்துக் காட்டியவருக்கு என் வணக்கம். நிழலை மூடவிடாமல், முன்கூட்டியே புள்ளி பருப்பதற்கு இடம்விட்டுத் தயார் செய்திருக்கிறார். பளிச் என்று இல்லை. ஆனால் நெடுநேரம் பார்க்கமுடிகிறது. இரைச்சல்கூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஊர் பெயரில் மட்டும் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, பரவாயில்லை.

தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டை. அங்கே சென்றாயப் பெருமாள் கோவில் மண்டப விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. காலபைரவர் கோவிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் இங்கே எட்டிப் பார்த்தால் அதிகம். இந்த மாதிரி பழைய சுவரோவியங்களின் நிறங்கள் மண்ணிலிருந்து வந்தவை: காவிக்கல், மஞ்சள்கல், சுண்ணாம்பு, விளக்குக் கரி. சுவரில் நாளுக்கு நாள் மங்குகின்றன, உதிர்கின்றன. ஒருநாள் நமக்கு மிஞ்சப்போவது அச்சிட்ட புத்தகமாக இருக்கலாம். அந்தப் புத்தகத்துக்குப் படம் தயார் செய்கிறவர், 'கொஞ்சம் பளிச்சுனு' என்று காவியைக் குங்குமமாக்கினால், நூறு வருஷம் கழித்துப் பார்க்கிறவர் அதை நம்புவார். ஓவியம் பற்றிய புத்தகம் எதைப் புரட்டினாலும் எழுத்தைப் பாராட்டுகிறோம், அட்டையைப் பாராட்டுகிறோம். நிறத்துக்கு என்ன உத்தரவாதம் என்று ஒரு மதிப்புரையாவது கேட்டிருக்கிறதா?

இன்னும் ஒன்று. தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் சிரிக்கிறவர்களின் பற்களைப் பாருங்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வளர்ந்தால், பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் மஞ்சள், பழுப்புக் கோடும் விழுந்துவிடும். தேய்த்தால் போகாது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் என்று நீளமான பெயரோடு, ஜப்பான் கடனில், 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தண்ணீர் விட்டார்கள். அருவிக்குப் பக்கத்திலிருந்தே குழாய் புறப்படுகிறது.

இந்த ஊர்களைப் பற்றிய கட்டுரைகளிலும் மலர்களிலும் அச்சாகிற முகங்களில் பற்களெல்லாம் வெள்ளை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. படத்தைத் திறந்ததும் 'ஆட்டோ கலர்' என்று ஒரு தட்டு. படத்தில் எது வெள்ளையாக இருந்தாகவேண்டும் என்று மென்பொருள் தேடுகிறது, பல்லைப் பார்க்கிறது, அதிலிருக்கிற மஞ்சளை விளக்கின் கோளாறு என்று நினைத்து நீக்கிவிடுகிறது. மிச்சத்தை டிசைனர், மரியாதைக்காக, பிரஷ்ஷால் துடைக்கிறார். "பாவம் சார், பல்லு இப்படி இருக்கே."

கல்யாண ஆல்பத்தில் அது மரியாதைதான், நான் வாதாடவில்லை. மணப்பெண் கேட்டால் துடைக்கவேண்டியதுதான். ஆனால் தண்ணீரைப் பற்றிய கட்டுரைக்குப் போட்ட படத்தில் அந்தப் பழுப்புதான் செய்தி. அதைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது, எதற்கு இந்தப் பெரியவர் இங்கே சிரிக்கிறார் என்ற குழப்பம். அச்சில் அந்த இளம் மஞ்சள் திட்டு ஐந்து, ஆறு சதவிகித யெல்லோ புள்ளியும், அதைவிடக் குறைவான மெஜந்தாவும்தான். இரண்டு, மூன்று சதவிகிதத்துக்குக் கீழே போனால் காகிதத்தில் புள்ளி நிற்பது சந்தேகம். ஆட்டோ கலரைத் தட்டுவதற்கு முன் அந்த எண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.